சிலைத் தோட்டத்தில் பெண் பார்த்த கதை

தலையில் மீன்கூடையுடன் நிற்கும் ஒரு கோளி மீனவப் பெண்ணின் சிமென்ட் சிலை. அதன் நிழலில் ஒரு கல் பெஞ்சு. பம்பாய்க் கோட்டைப் பகுதியில், ஓர் ஓவியப் பள்ளியை ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சிலைத் தோட்டத்தில்தான் என் அக்காவைப் பெண் பார்த்தார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்காவுக்கு இருபத்தாறு வயது, எனக்குப் பத்தொன்பது.

மாட்டுங்காவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் உட்கார இடமில்லை என்பது அம்மா வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. சின்ன வயதில் வந்த போலியோவால் அக்காவின் இடது கால் மெலிந்திருந்தது. நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். பிள்ளை வீட்டாரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. "அவர் வரதுக்கு முன்னாடியே போய் பெஞ்சுல உக்காந்துடு. அவர் கிளம்பிப் போற வரைக்கும் எழுந்துக்காதே" என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் கலையும் வரை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு, அக்காவும் நானும் மெதுவாக நடந்து போனோம்.

பிள்ளை செம்பூர்க்காரர்; தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாங்கில் வேலை. அரை நாள் ஆபீஸ் முடிந்து தனியாக நேரே வந்திருந்தார். ரயில் நெரிசல், அக்கா டைப் அடிக்கும் ஆபீஸ், அவருடைய மேனேஜரின் கோபம் என்று பேச்சு போயிற்று. எதற்கோ இருவரும் சிரித்தார்கள். அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கைகூடிவிடும் என்றே தோன்றியது. அப்போதுதான் அவள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கோ, மத்த சிலையெல்லாம் பாத்துட்டு வரலாம்."

வழக்கம்போல் என் தோளைப் பிடித்துக்கொள்ளாமல், சரளைக்கல் பாதையில் அவள் தனியாக நடந்தாள். அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு எட்டிப் போய் அவளோடு சேர்ந்து, தன் நடையைக் குறைத்துக்கொண்டார். தலையில்லாத ஒரு காளை, குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாய் என்று ஒவ்வொன்றின் முன்னும் இருவரும் நின்று பார்த்தார்கள். நான் பின்னால் போனேன்.

பாதை முடியும் இடத்தில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு இது பெரிசில்லே. ஆனா எங்க அம்மாவுக்கு இப்போ தெரிய வேண்டாம். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நான் சமாளிச்சுக்கறேன்."

"அதுவரைக்கும் நான் உக்காந்தே இருக்கணுமா?" என்றாள் அக்கா.

அவர் குனிந்து, ஒரு சரளைக்கல்லைச் செருப்பால் தள்ளினார்.

"உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்கோ. அவா சரின்னா வாங்கோ."

அவர் வரவில்லை. அம்மா ஒரு மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மட்டும் திங்கட்கிழமை காலை டிபன் டப்பாவோடு எப்போதும் போல ரயிலுக்குக் கிளம்பினாள். அதன்பின் அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அதே ஆபீஸில் சூப்பரிண்டென்டென்டாக உயர்ந்து ஓய்வு பெற்றாள். இப்போது என்னோடு இருக்கிறாள்.

போன வருஷம் ஒரு நாள், அன்றைக்கு எழுந்ததற்காக எப்போதாவது வருத்தப்பட்டாளா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கேட்கத் துணியாத கேள்வி.

"எழுந்ததுக்கு இல்லேடி" என்றாள். "அவர் எனக்காக மெதுவா நடந்தார் பாரு, அதைத்தான் மறக்க முடியலே."