எல்லாவற்றையும் விட்டவர்

மார்பு வரை வெள்ளைத் தாடி. யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் "அப்படியில்லை" என்று தொடங்குவார். எழுபதுகளின் கடைசியில், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் அந்தத் தோட்டத்தில் குமாஸ்தா. படித்த கர்வம் ஒழிய வேண்டுமென்று வீடு நிறைய இருந்த புத்தகங்களைத் தானம் செய்துவிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மலை ஏறுமுன், அடிவாரத்து ஊரான முந்தலில் அம்மன் கோயில் முன் டிரைவர் ஜீப்பை நிறுத்துவார். சிலமலை ஊரிலிருந்து ஏலக்காய் பறிக்க வரும் ஓர் அக்கா, எல்லோருக்குமாக வாய்விட்டு வேண்டிக்கொள்வார். அதன் பிறகுதான் வண்டி நகரும். அன்றும் கும்பிட்டார்.

"ஆத்தா, ஏத்திவிடுற மாதிரியே சாயந்தரம் எறக்கியும் விட்டுரு. பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கும்."

தாடிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"அப்படியில்லைம்மா. என் உயிர், என் பிள்ளை என்று கேட்பதே அகந்தை. நானும் உன்னைப்போல் அறியாமையில் கிடந்தவன்தான். எல்லாவற்றையும் விட்ட பிறகுதான் தெளிந்தேன்."

"சரிங்க சாமி" என்றார் அக்கா. முகம் சுருங்கிவிட்டது.

கர்வம் ஒழிந்த மனிதருக்கு, ஒரு தாயின் வேண்டுதலைத் திருத்த அப்படி என்ன அவசரம்?

மறுநாள் அவர் வரவில்லை. முந்தலில் ஜீப் நின்றது. அக்கா வாயே திறக்கவில்லை.

"சொல்லுங்கக்கா, வெரசாப் போகணும்" என்றார் டிரைவர்.

"எனக்குச் சரியாக் கேக்கத் தெரியாதுப்பா. நீ வண்டிய எடு."

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்றவர், போகும்போது அந்த வேண்டுதலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.