இட்லிக்கு முன் தலையில் ஒரு கை

என் மகள் சாப்பிடும் முன் யாருக்கு நன்றி சொல்கிறாள்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. மகிழுக்கு மூன்று வயது. இட்லித் தட்டை முன்னால் வைத்ததும் இடது கையை உச்சந்தலையில் வைத்துக்கொள்கிறாள், கண்களை இறுக மூடுகிறாள், உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுக்கின்றன. பிறகு கையை எடுத்துவிட்டுச் சமர்த்தாகச் சாப்பிடுகிறாள். அந்தக் கடைசி வாக்கியத்தின் அருமை, கிண்ணமும் கரண்டியுமாக வீடு முழுக்கப் பிள்ளையின் பின்னால் ஓடியவர்களுக்குத்தான் தெரியும். சாத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்த பிறகு இவள் விழுங்கியதைவிடத் துப்பியதே அதிகம். எடை கூடவே இல்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்று, ஆட்டோவில் அழுதபடிதான் தொம்மலூர் வீட்டுக்குத் திரும்பினேன்.

இந்தப் பழக்கம் எங்கள் தெருமுனை விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்தது. ஓர் அறக்கட்டளை அதை இலவசமாக நடத்துகிறது. காலையில் போனால் மரப்பொம்மைகள், கலர் மாவு, பாட்டு. நடுவில் ராகிக் கஞ்சி. கஞ்சிக்கு முன் எல்லாக் குழந்தைகளும் தலையில் கைவைத்து ஒரு நொடி அமைதியாக இருப்பார்கள். முதன்முதலாக மகிழ் ஒரு தம்ளர் கஞ்சியைக் கீழே சிந்தாமல் குடித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அந்த அறக்கட்டளைக்கு நானே கோயில் கட்டியிருப்பேன்.

கட்டியிருந்தால் எந்தச் சாமிக்கு என்பதுதான் சிக்கல். ஒரு நாள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: இந்த அறக்கட்டளைக்குப் பின்னால் இருப்பது ஒரு மடம், அந்த மடத்து ஸ்வாமிஜி மேல் நில வழக்கு இருக்கிறது, பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே தன் பக்கம் இழுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மறுப்பு வந்தது: நாங்கள் எந்த மடத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை என்று அறக்கட்டளை சொல்கிறதாம். மாலைக்குள் மூன்றாவது செய்தி. இது எங்கள் ஸ்வாமிஜியின் அருளால் நடப்பதுதான் என்று மடத்து பக்தர் ஒருவர் பெருமைப்பட்டிருந்தார். ஒருவர் இல்லை என்கிறார், ஒருவர் ஆமாம் என்கிறார், இரண்டையும் நம்பாத ஒருவர் கோப முகம் போட்டு அனுப்புகிறார். குழுவில் பாதிப் பேர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மீதிப் பேர் நிறுத்தவில்லை, ஆனால் அதைக் குழுவில் சொல்லவில்லை. நான் மௌனமாக இருந்த கட்சி.

சாத்தூரில் எனக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. அங்கே தர்மம் செய்பவர் ஒளிந்துகொள்வதில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் உபயதாரரின் பெயர் முதுகில் பதியும். மின்விசிறி சுற்றும்போது கூட அதன் இறக்கையில் யாருடைய பெயரோ சேர்ந்து சுற்றும். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். காலையில் ஜெபம் சொல்வேன், சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் சுண்டல் வாங்குவேன், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்பேன். எது யாருடையது என்று தெரியும். தெரிந்ததால் பயம் இல்லை. தொம்மலூரிலும் பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அதன் கல்லில் அந்தக் காலத்தில் தானம் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழிலேயே வெட்டியிருக்கிறார்கள். எம்.எஸ்சி. படித்த எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வீட்டுக்கார அம்மா பிரேமா அக்காவிடம் கேட்டேன். கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, பேரன் எடுத்தவர். வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இதுக்குப் போயி இவ்ளோ யோசன? நீ சிஸ்டருங்க ஸ்கூல்ல தானே படிச்ச? மதம் மாறிட்டியா இன்னா? கொழந்த துன்னுது இல்ல, சும்னே உடு" என்றார்.

எனக்குப் பாரம் இறங்கியது. அப்படியானால் உங்கள் பேரனையும் மகிழோடு சேர்த்து அனுப்பலாமே என்றேன்.

அவரைக்காயிலிருந்து கை எடுக்காமலே, "அய்ய, அவன நான் அனுப்ப மாட்டேம்மா. நீ அனுப்பு" என்றார்.

இறங்கிய பாரம் மறுபடி ஏறிக்கொண்டது. ஒயிட்ஃபீல்டு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து அலுத்து வந்த கணவர் செந்திலிடம் சொன்னால், "அவ கண்ண மூடுனா சாமி இல்லம்மா, லோடு ஆகுது" என்று சிரித்தார். வீடியோ காலில் பார்த்த மாமியார் மட்டும் உருகிப்போனார். பேத்தி கும்பிடுவது தங்கள் குலசாமி அய்யனாரைத்தானாம். அடுத்த மாதம் அதே அய்யனார் கோயிலில் மகிழுக்குக் காதுகுத்து.

நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். என் கன்னடம் காய்க்காரரிடமும் ஆட்டோக்காரர்களிடமும் கற்றது. பேரம் பேச வரும், விசாரணை நடத்த வராது. போகிற வழியெல்லாம் கேள்வியை ஒத்திகை பார்த்தேன். கூடத்தில் சஹனா டீச்சர் பொம்மைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கல்லூரியை முடித்த பெண், மைசூர்க்காரி. அவள் முன்னால் நின்றதும் ஊர்ப்புத்தி வந்துவிட்டது. நான் சந்தேகப்படும் சாமியாராக இருந்தாலும் சாமியார் இல்லையா? குரல் பணிந்தது. ஸ்வாமிஜி என்று சொல்லும்போது கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. ஸ்வாமிஜிக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டேன். கூப்பிய கையோடு கேட்டால் அது வேறு கேள்வியாகிவிடும் போலிருக்கிறது.

சஹனா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தர்ஷன பேக்கா மேடம்? இல்லி பாஸ் கொடல்லா."

தரிசனம் வேண்டுமா, இங்கே பாஸ் தருவதில்லை என்கிறாள். பாவம், என்னைப் போல நிறையப் பேர் வந்து கேட்கிறார்களாம், அங்கேயே போய் வரிசையில் நிற்க வேண்டுமாம். உளவு பார்க்கப் போனவள் பக்தையாகத் திரும்பினேன். ‘இங்கே பாஸ் தருவதில்லை’ என்றால் சம்பந்தம் இல்லை என்றா, பாஸ் வழங்குவது இந்தக் கிளையின் வேலை இல்லை என்றா? வெளியே வரும்போது பொம்மை அலமாரிக்கு மேலே சுவரைப் பார்த்தேன். நீளச்சதுரமாக ஓரிடம் மட்டும் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருந்தது. ஏதோ படம் மாட்டியிருந்து கழற்றியிருக்கிறார்கள். ஸ்வாமிஜி படமாக இருக்கலாம். உலக வரைபடமாகவும் இருக்கலாம்.

மறுநாள் முதல் மகிழை அனுப்பவில்லை. அவள் அழவில்லை. பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் அதனதன் கையை மடக்கி வைத்து, கஞ்சி ஊட்டினாள். நான் சும்மா இருக்க முடியாமல் அவள் கையைத் தலையிலிருந்து இறக்கி, இரண்டு கையையும் கூப்பவைத்து, "முருகா சொல்லு" என்றேன். சொன்னாள். ஆனால் இட்லியைத் தொடவில்லை. அன்று முழுக்கத் தொடவில்லை. மறுநாள் காலையில் நானே அவள் கையைத் தூக்கித் தலையில் வைத்தேன். சாப்பிட்டாள்.

யாருக்கு நன்றி சொல்கிறாய் என்று அவளையே கேட்டும் பார்த்துவிட்டேன். "மனசுக்குள்ள" என்கிறாள். அதற்கு மேல் துப்பில்லை.

கூடத்தில் அவள் இடத்தை இந்த வாரம் வரைதான் வைத்திருப்பார்களாம். அடுத்த மாதம் காதுகுத்துப் பந்தியில் இலை போட்டதும் இவள் தலையில் கை போகும். எங்கள் சொந்தம் மொத்தமும் திரும்பி, இது எந்த ஊர் வழக்கம், எந்தச் சாமி என்று என்னைக் கேட்கும். அய்யனார் என்று சொன்னால் மாமியார் மகிழ்வார். பெங்களூர் வழக்கம் என்று சொன்னது காதில் விழுந்தால் பிரேமா அக்காவே சிரிப்பார்.

நேற்றிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கண்ணை மூடிய மகிழ் பாதியில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அம்மா, நீயும்" என்றாள். என் இடது கை தலைவரை போனது. வலது கை அவள் தட்டைப் பிடித்திருந்தது. கண்ணை மூடவும் மனம் வரவில்லை, கையை இறக்கவும் வரவில்லை. ஊரில் இருப்பவர்களே, என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களே, நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? கண்ணை மூடுவீர்களா? மூடினால், உள்ளே யாரை நினைப்பீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இன்றும் அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், இட்லி ஆறுகிறது.