கோட்டுக்குள் படுத்த மான்கள்

போன வருடம் நான் ஓட்டோ தட்டி விழுந்த பிறகு, என் மனைவி சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். துறைமுகப் பக்க வீதியில் சைக்கிள்களுக்கென்று மஞ்சள் கோடு கீறிய பிறகுதான் திறப்பைத் தந்தாள். "கோட்டுக்கு வெளியில ஓடினீங்களெண்டால் வித்துப்போடுவன்."

முதல் நாள் கோட்டுக்குள் பதினொரு ஓட்டோக்கள் நின்றன. சந்தியில் நின்ற பொலிஸ்காரரிடம் முறையிட்டேன். அவர் தண்டம் எழுதத் தொடங்கினார். அடுத்த வாரம் ஓட்டோ ஒன்றுகூட இல்லை. அவை நின்ற மரநிழலில், எங்கள் நகருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஆறு படுத்திருந்தன. மணியடித்தேன். ஒன்று காதை மட்டும் ஆட்டியது.

"தம்பி, இதுகளுக்கும் எழுதுங்கோவன்."

"லைசன்ஸ் இல்லாததுகளுக்கு என்னத்தை எழுதுறது ஐயா? சுத்திப் போங்கோ."

"ஏலாது. வெளியில ஓடினால் சைக்கிளை வித்துப்போடுவா."

"ஆர்?"

"மனிசி."

அவர் உடனே வீதியின் நடுவில் இறங்கிக் கையை உயர்த்தினார். நிலாவெளி பஸ், ஒரு லொறி, மூன்று ஓட்டோக்கள், எல்லாம் நின்றன. நான் மான்களைச் சுற்றிப் போய் மறுபடி கோட்டுக்குள் நுழைந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மனைவி சொன்னாள்:

"அந்தப் பொலிஸ்காரருக்கு எண்டைக்கு லீவு எண்டு கேட்டு வையுங்கோ. அண்டைக்கு மட்டும் நடந்து போங்கோ."