பங்குனியில் அடித்த ஆணி

எங்கள் சந்தில் சிலுவையம்மாளைத் தெரியாதவர்கள் பூனைகளில்கூடக் கிடையாது. காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு காலடிப்பேட்டை வரை நடந்து விற்றுவிட்டு மீதியோடு திரும்புவார். மீதி என்பது பெரும்பாலும் வாசனைதான். அதை நம்பித்தான் பூனைகள் சந்து முனையில் காத்திருக்கும்.

அவருடைய புருஷன் இக்னேஷியஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். பகலெல்லாம் கத்தவேண்டிய வேலை என்பதால் வீட்டில் பேசுவதில்லை. இருவரும் தாஹிரா பீ வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தாஹிரா பீ நல்லவர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கதவிலும் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது. சுவரைப் பார்த்தவர்கள் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆணியைப் பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.

சிலுவையம்மாளுக்கு அதில்தான் கஷ்டம். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை, எங்கள் ஆட்கள் வாசல் கதவுக்கு மேல் ஆணி அடித்துச் செருகிவைப்போம். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அடுத்த வாரம் சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளிக்க வரும்போது, ஓலையைப் பார்த்துத்தான் கூட வரும் கோயில் உபதேசியார் அவரை உள்ளே அழைத்துப் போவார். ஓலை வருஷம் முழுக்க அங்கேயே இருந்து அடுப்புப் புகை குடித்துக் கறுத்துப்போகும். மறுவருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் கழற்றிக் கோயிலில் கொடுத்தால், எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூசுவார்கள்.

சிலுவையம்மாள் மட்டும் ஓலையைத் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்து, வாங்கின மேனிக்குத் திருப்பிக் கொடுப்பார். இதை நீ உபயோகிக்கவே இல்லையா அம்மா என்று உபதேசியார் ஒரு தடவை கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். சிலுவையம்மாள் வீட்டுக்கு வந்து, ஒரு கதவு வாங்க வேண்டும் என்று இக்னேஷியஸிடம் சொன்னார். கதவைத் தனியாக வாங்கினால் மாட்ட இடம் கிடையாது என்பதால் வீடும் வாங்க வேண்டியதாயிற்று.

பல வருஷ மீன் கூடைக்குப் பிறகு, போன வருஷம் மாசியில் அது அமைந்தது. எங்கள் சந்திலேயே, வெள்ளத்துரையின் ஒற்றை அறை ஓட்டு வீடு. அவருக்கு எண்ணூர் உப்பளத்தில் வேலை கிடைத்து, எர்ணாவூரில் ஒரு குடிசை போட்டுக்கொண்டிருந்தார். எதுவானாலும் மாசிக்குள் முடித்துவிடுவோம், பங்குனி ஆகாது என்றார். சிலுவையம்மாள் தலையாட்டினார். மாசிக் கடைசியில் பத்திரம் பதிவாயிற்று. பங்குனியும் பிறந்தது. சாவி மட்டும் வரவில்லை.

கேட்கப் போன இக்னேஷியஸ் வாசலில் நின்று இருமினார். அவருக்கு அதுவே நீண்ட பேச்சு. வெள்ளத்துரை விளக்கினார். மாசிக்குள் முடிக்கவேண்டும் என்றது பத்திரத்தை. எர்ணாவூரில் கூரை வேய்ந்து முடியவில்லை. பங்குனியில் புது வீடு புக மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். சித்திரை பிறந்த மறுநாள் காலி செய்துவிடுவார்.

ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால்தான் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்குப் பாஸ்காவுக்கு முந்தின தவக்காலத்தில் மேளதாளம் கூடாதே தவிர, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகத் தடையில்லை. வெள்ளத்துரைக்கு மேளதாளம் பிரச்சினையில்லை. சட்டி பானைதான் நகரக் கூடாது.

சந்து முனை வேப்பமரம் பூத்து, மீன் கூடையில் பூ உதிர்கிற சமயத்தில் குருத்தோலை ஞாயிறு வந்தது. சிலுவையம்மாள் கோயிலிலிருந்து ஓலையோடு திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்றார். முந்தானை முடிச்சில் ஆணி இருந்தது. பத்திரம் பதிந்த அன்றே வாங்கின ஆணி. கதவுக்கு மேல் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. உள்ளே வெள்ளத்துரையின் மனைவி பூவம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த இக்னேஷியஸ் வாய் திறந்தார்.

"நம்ம கதவு. அடி."

"ஆளுங்க குடியிருக்கிற கதவுல ஆணி அடிக்க நான் இன்னா வூட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

சிலுவையம்மாள் முடிச்சை அவிழ்த்து ஆணியை எடுத்தார். ஆனாலும் காலமெல்லாம் வாடகை கொடுத்தவருக்கு அந்த வேலைக்குக் கை எழவில்லை. பின்கட்டுக்குப் போய் ஓலையைத் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தார். பெட்டி அறைந்து மூடிய சத்தம் தாஹிரா பீக்குக் கேட்டது. சுவர் தாங்கிக்கொண்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வாடகை ஜமீன்தாரிணி என்று சிலுவையம்மாளுக்குப் பேர் வைத்துக் குழாயடி வரை பரப்பினோம். பூவம்மா தண்ணீர் பிடிக்கும்போது அந்தப் பேர் எதற்கு வந்தது என்று விசாரித்திருக்கிறார். ஓலைக் கதை முழுக்க வெளியே வந்துவிட்டது. பேர் வைத்ததில் அப்படியும் ஒரு லாபம்.

பாஸ்கா முடிந்து, சாமியார் எங்கள் சந்துக்கு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், பூவம்மா பின்கட்டுக்கு வந்து கையை நீட்டினார்.

"யக்கா, அந்த ஓலையக் குடு."

"எதுக்குடி?"

"நாளைக்கு உங்க சாமியாரு வராராமே. ஓலை இல்லாத வூட்டுல எப்பிடி நொழைவாரு?"

"உள்ள நீங்க கீறீங்களே."

"பங்குனியில நாங்கதான் வூடு மாறக் கூடாது. உங்க சாமி உள்ள வந்தா பங்குனி இன்னா பண்ணும்?"

சிலுவையம்மாள் பெட்டியைத் திறந்தார். பூவம்மா தோரணத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி ஓலையைப் பிடித்துக்கொள்ள, சிலுவையம்மாள் ஆணி அடித்தார். முதல் அடி அவர் விரலிலேயே விழுந்தது. இரண்டாவது அடியில் ஆணி இறங்கியது. சுவர் வரவில்லை.

மறுநாள் உபதேசியார் ஓலையைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார், வாசலில் நின்ற பூவம்மாவின் குங்குமத்தைப் பார்த்தார். சந்து மாறி வந்துவிட்டோமோ என்று பின்னாலும் திரும்பிப் பார்த்தார். சிலுவையம்மாள் மெழுகுவர்த்தியோடு உள்ளிருந்து வந்து, இது என் வீடு சாமி, இவர்கள் இருக்கிறார்கள் என்றார். சாமியார் நான்கு மூலையும் தெளித்தார். சுவரில் இருந்த முருகன் படத்திலும் இரண்டு சொட்டு விழுந்தது. முருகன் ஆட்சேபிக்கவில்லை. வெள்ளத்துரை அரிசிப் பானையைத் திறந்து, இதிலும் கொஞ்சம் தெளித்தால் தேவலை என்றார்.

சொன்னபடி சித்திரை பிறந்த மறுநாள் வெள்ளத்துரை குடும்பம் எர்ணாவூருக்கு வண்டி ஏறியது. அன்றைக்கே சிலுவையம்மாள் அடுப்பு மூட்டினார்.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் ஓலையைக் கழற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். கருவாடு மாதிரிக் கறுத்திருந்தது. உபதேசியார் அதை வாங்கி மற்ற ஓலைகளோடு போட்டார். எதுவும் கேட்கவில்லை. கேட்பாரா என்று சிலுவையம்மாள் சற்று நேரம் நின்று பார்த்தார். கேட்காததால் தானே சொல்ல வேண்டியதாயிற்று.

"பொகை எல்லாம் என்னுது இல்லீங்க. மொதல்ல ஏறினது பூவம்மாவுது."