தட்டிக் கேட்ட டாக்டர்

பத்தாவதோடு நின்ற நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில், நெஞ்சில் நீர் கோத்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்திருந்தேன். அங்கே நுரையீரல் வைத்தியம் பழக வந்திருந்த ஒல்லி டாக்டர், கட்டில், மேசை, என் தூக்குச்சட்டி என்று எதையும் இரு விரலால் தட்டிக் கேட்பார்; உள்ளே தண்ணீர் இருந்தால் சத்தம் மாறுமாம்.

ஒருநாள் பெரிய டாக்டர் என் எக்ஸ்ரேயை மறைத்துக்கொண்டு, “ஊசி போட விடுங்கன்னு மூணு மாசமா கேக்கறியே, தட்டிப் பாத்து தண்ணி எந்தப் பக்கம்னு சரியா சொல்லு. நாளைக்கு நீயே ஊசி போட்டு எடு” என்றார்.

ஒல்லி டாக்டர் என் முதுகில் விரல் வைத்துத் தயங்கினார். “வலது பக்கங்க” என்று முணுமுணுத்தேன்.

“ஏண்ணே சொன்னீங்க? எக்ஸ்ரே இல்லாத ஊர்ல இருமிக்கினு வர்றவரு சொல்வாரா?” என்றவர், பெரியவரிடம் திரும்பி, “இவரு சொல்லிட்டாருங்க சார். வேற ஆளைக் காட்டுங்க” என்றார். அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

கைக்கு வந்த விடையை ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று இன்றும் நினைப்பேன்.

மறுநாள் என் முதுகைத் தட்டிப் பார்த்து, ஊசி போட்டு நீரை எடுத்தவர் அந்த ஒல்லி டாக்டர்தான்.