சுசீலா டீச்சர் ரொப்பின பெஞ்சு

எங்க ஊட்டுப் பின்பக்கத்துல குடியிருந்தா சுசீலா டீச்சர். மேனாம்பேட்டுல அவ வேலை பாத்த பள்ளிக்கூடத்த ஓனர் பிளாட் போட்டு வித்துட்டான். எண்பத்தொம்போதுல நடந்த கதை இது. புருசன் பாஸ்கரன் வேலைக்குப் போன இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில லாக்கவுட்டு, மொதலாளி பூட்டு போட்டுட்டான். மனுசன் தெனம் கேட்டாண்ட போய் நின்னுட்டுத் திரும்பி வருவாரு. அடுப்பு எரியணும்னா இவ சம்பளம்தான்.

அப்பத்தான் ஆவடியில புதுசா ஒரு நர்சரி ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் வேலை வந்துச்சு. கரஸ்பாண்டன்ட் கோவிந்தராஜு ஒரு கண்டிசன் போட்டான். ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு அவ கிளாஸ்ல ரெண்டு பெஞ்சும் ரொம்பியிருக்கணும், புள்ளைங்கள அவளே புடிச்சாரணும். சொந்தப் புள்ள கணக்குல வராது. ரொம்பலைன்னா வேலை கெடையாது. டீச்சர் வேலையா இது, ஆள் புடிக்கற வேலை! அப்பல்லாம் இந்த மாதிரி ஸ்கூலுங்கள்ல இதான் வழக்கம், கேக்க நாதியில்ல.

மே மாச வெயில்ல ஆவடி கவர்மெண்டு பேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போனா. பாதி ஊடு பூட்டிக் கீது. லீவுக்கு மதுரை, திருநெல்வேலின்னு அவங்கவங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க. கெளம்பாத பொம்பளைங்க மோர் குடுத்து, "ஊருக்குப் போயிட்டு வந்து சேத்துடறோம் டீச்சர்"னு சொன்னாங்க. இவ அத நம்பிக்கினு கோவிந்தராஜாண்ட, "ரெண்டு பெஞ்சும் ரொம்பிடுச்சு சார்"னு சொல்லிட்டா. எனக்கு வந்துச்சே கோவம்!

"ஏம்மா, குவார்ட்டர்ஸுக்குள்ள கீற ஸ்கூல்லயே சீட்டு கெடச்சா அவங்க கேட்டத் தாண்டி வெளிய வருவாங்களா? இன்னாத்தப் படிச்சே நீ?"ன்னு கத்தினேன்.

ஜூன்ல அதான் ஆச்சு. அந்த ஸ்கூல்ல புதுசா ஒரு செக்‌ஷன் தொறந்தாங்க. மோர் குடுத்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம அங்க போயிட்டாங்க.

அப்புறம் அவ அலைஞ்ச அலைச்சல் இருக்கே! ஒரு தெரு உடல. காலெல்லாம் கொப்பளம். நானும் என் சொந்தக்காரங்கள திட்டி, கெஞ்சி, நாலஞ்சு புள்ளைங்கள அனுப்ப வெச்சேன். எல்லாம் ரொம்பிடுச்சு, ஒரே ஒரு எடம் தவிர.

விடிஞ்சா ஸ்கூலு. கெணத்தடியில குந்திக்கினு அழுதா. "இந்த வேலையும் போச்சுன்னா நாங்க மூணு பேரும் என்னக்கா பண்ணுவோம்?" அப்புறம் மொகத்தக் கழுவிட்டு வந்து சொன்னா: "பத்மாவ உங்க தங்கச்சி பொண்ணுன்னு சொல்லிச் சேத்துடுங்கக்கா."

பத்மா அவ பெத்த பொண்ணு. கான்வென்ட்டுல ஒண்ணாங்கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க். அதப் பாத்துட்டு சிஸ்டரே ஃபீஸ் வேணாம்னு குடுத்த சீட்டு. ரெண்டாங்கிளாஸ் போவ வேண்டிய புள்ள, படிச்சு முடிச்ச கிளாஸ்லயே மறுபடி குந்தணுமா?

"அடிப்பாவி, கான்வென்ட்டு சீட்டு போயிடுமேடி!"

"போகட்டும்க்கா. வேற வழி இருந்தா சொல்லுங்க."



மறுநாள் நான், சுசீலா, பத்மா மூணு பேரும் பஸ்ல போனோம். சுசீலா பொண்ணு காதாண்ட சொல்லிக்கினே வந்தா: "அங்க நான் மிஸ். வாய் தவறி அம்மான்னு வந்துடும். அதனால வாயே தொறக்காத கண்ணு." புள்ள தலைய ஆட்டுச்சு.

கோவிந்தராஜு வந்து பெஞ்சுங்களப் பாத்தான். மொகத்துல திருப்தி. போறவன் சும்மா போவக் கூடாது? பத்மாவ எழுப்பி, போர்டுல இருந்த 'அணில்'ங்கறதப் படிக்கச் சொன்னான். பேப்பர் படிக்கற பொண்ணு அது! உதட்ட இறுக்கி மூடிக்கினு அம்மாவையே பாத்துக்கினு நின்னுச்சு.

"எழுத்தே தெரியல. யார் வீட்டுப் பொண்ணு இது?"

வாசல்ல நின்ன நான், "என் தங்கச்சி பொண்ணு சார்"னு சொன்னேன்.

"சரியான மக்கு. டீச்சர், இத முட்டி போட வைங்க, அப்பத்தான் வாய் தொறக்கும்."

சுசீலா கையில சாக்பீசு ஒடஞ்சுது. "சரி சார்"னா. அவ பத்மா பக்கம் திரும்பறதுக்குள்ள, புள்ள தானா போய் செவுத்தோரம் முட்டி போட்டுக்கிச்சு. எனக்கு அவன் கைய ஒடிக்கலாமான்னு இருந்துச்சு. ஆனா இன்னா பண்றது, அவ வேலை போயிடுமே.

வேலை நெலைச்சுது. சாயந்திரம் ஊட்டுக்கு வந்தோம். சுசீலா அவள மடியில போட்டுக்கினு, "இனிமே பேசலாம்டி, அம்மான்னு கூப்பிடுடி"ன்னு கெஞ்சினா. பத்மா மடிய உட்டு எறங்கி எங்கிட்ட வந்து, "தண்ணி வேணும்"னு கேட்டுச்சு.