மூன்று டம்ளர் தண்ணீர்

முதியவர்களுக்கு என்ன தேவை, அவர்களைப் பார்த்துக்கொள்ள வருபவர்களுக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. வந்தவரிடம் குறையைச் சொன்னால் பெற்ற பிள்ளைக்குக் கேவலம். அதனால் காபியைக் கையில் கொடுத்து, "எனக்கென்ன கொறை, ராசா மாதிரி இருக்கேன்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ராஜபாளையத்தில் ஒரு முன்னாள் ராணுவக்காரரும் முதலில் அதையேதான் சொன்னார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவரால் கழிப்பறைப் படி ஏற முடியாது. மகன் ஓசூரில். பகலில் பார்த்துக்கொள்ளச் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். அவர் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டால், மில் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வெகுநேரம் கழித்துத் தம்பி மகன் துணைக்குப் படுக்க வரும்வரை பெரியவர் தனிதான். அந்தப் பெண் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானத்துக்குப் பொறவு நான் தண்ணி குடிக்கதில்ல. குடிச்சா, அவ போன பொறவு அடக்க முடியாதுல்ல. அவட்ட சொல்லிராதீக. பஸ்ஸ விட்டுட்டு உக்காந்துருவா. அவ வீட்டுலயும் மாமியா படுக்கையில கெடக்கா."

சிறுநீர்த் தொற்று வந்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். டயாப்பர் என்ற பேச்சையே எடுக்க முடியாது, அப்படியொரு வீம்பு.

அன்று மாலை அந்தப் பெண்ணும் நானும் ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். என் வீடு அங்கே; அவர் அங்கே பஸ் மாற வேண்டும். இறங்கியதும் கட்டணக் கழிப்பறைக்கு ஓடினார். திரும்பி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். வேலைக்கு வந்தால் தண்ணீரே குடிப்பதில்லையாம்.

"அந்த வீட்டுல பாத்ரூம் போக வேண்டாம்னு யாரும் சொல்லலக்கா. போன்னும் சொல்லல. ஆம்பளைட்ட போயி அத எப்படிக் கேக்க? அவியளும் கூச்சப்படுவாக."

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அந்த விதியின் மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே தாகத்தில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் சாயங்காலமாகப் போனேன். முதல் வேலையாக அந்த வீட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, "இவுகளும் இதத்தான பொழங்குறாக?" என்று பெரியவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இவ பக்கத்து வீட்டுக்குப் போறதால்ல நெனச்சிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு பெண்பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்கலாமா என்று இவரும் வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறார். இனிமேல் இங்கேயே போக வேண்டும் என்று பட்டாளத்துக் குரலில் உத்தரவு போட்டார்.

நான் தண்ணீர் கேட்டேன். மூன்று டம்ளர் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெண் ஒரே மடக்கில் குடித்து முடித்ததைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ சாதித்துவிட்டதாகவே நினைத்தேன்.

"நீங்க குடிங்கய்யா" என்றார் அந்தப் பெண்.

பெரியவர் ஒரு வாய் குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டம்ளரை அந்தப் பெண்ணிடமே நீட்டினார்.

"இத மூடி வையி, தாயி. மீதியக் காலைல குடிச்சுக்கிடுதேன். ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."